சாவி திறந்திருந்தது

அந்த வாரம் முழுக்க பெர்னதெத்துக்கு இரண்டு ஆள் வேலை. ரிசப்ஷனில் உட்காருகிற குளோரியா, தங்கச்சி கல்யாணம் என்று லீவு போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் போட மேனேஜர் ராகேஷுக்கு மனசு வரவில்லை. "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்றான். பெங்களூரில் இந்த 'சொல்ப அட்ஜஸ்ட்', அதாவது கொஞ்சம் அட்ஜஸ்ட், என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை உயிரோடு உரித்துவிடலாம். உரிபடுகிறவளும் சரி என்று தலையாட்டுவாள். பெர்னதெத்தும் ஆட்டினாள். ஐம்பத்திரண்டு வயது, வலது முழங்காலில் வீக்கம். உள்ளே மேஜையில் வாட்சைப் பிரித்துப் போட்டுவிட்டு, வெளியே மணி அடித்தால் கவுண்ட்டருக்கு நொண்டிக்கொண்டு ஓட வேண்டும்.

ரிச்மண்ட் டவுனில் இருக்கிற அந்த வாட்ச் சர்வீஸ் சென்டரில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். வீடு ஆஸ்டின் டவுனில். கணவன் டெஸ்மண்ட் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடி நாலு வருஷமாகிறது. மகள் பிரிஜெட் நர்சிங் கடைசி வருஷம். வீட்டில் ஒரே சம்பளம். இதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான் ஓடுகிறது.

பெர்னதெத்தின் வேலை, வாட்சுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது. ஜனங்கள் 'வாட்டர் ப்ரூஃப்' என்பார்கள். அப்படி ஒரு வாட்ச் உலகத்தில் கிடையாது. தண்ணீரைக் கொஞ்ச காலம் வெளியே நிறுத்தி வைக்கிற வாட்ச் உண்டு, அவ்வளவுதான். நிறுத்தி வைப்பது யார் என்றால், பின்மூடிக்குள் ஒளிந்திருக்கிற ஒரு ரப்பர் வளையம். மயிரிழை கனம்கூட இருக்காது. பேட்டரி மாற்ற ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் அந்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும், கிரீஸ் தடவ வேண்டும், மூட வேண்டும். அப்புறம் காற்றழுத்த மெஷினில் வைத்துச் சோதிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தண்ணீர்க் குழாயில் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. எல்லாம் சரியாக இருந்தால் கார்டில் 'நீர்ச் சோதனை சரி' என்று நீலமாக ஒரு முத்திரை. சட்டம் இதுதான். சட்டத்தை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். பேர் கோவிந்தப்பா, வயது ஐம்பத்தைந்துக்கு மேல், ஸ்ரீராம்புரத்துக்காரர். காக்கிச் சட்டை, முழங்கால் வரை சேறு. கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் குறுக்குப் பிடி. கண்ணாடிக் கதவில் இடித்துவிடாமல் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மேடம், வாட்சு நின்னுபோச்சு. மூணு வாரம் முன்னாடி இங்கதான் செல்லு மாத்துனது."

பெர்னதெத் வாங்கிப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடித்திருந்தது. முள் இரண்டு நாற்பதில் நின்றிருந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஒயிட்ஃபீல்ட் தாண்டி ஒரு லேஅவுட்டு மேடம். அசோசியேஷன்ல தண்ணி வுடற வேலை. தெருவுக்கு ஒண்ணரை மணி நேரம், வால்வு தொறந்து மூடணும். நேரம் தப்பக் கூடாதுன்னு செக்ரட்டரி சாரே வாங்கிக் குடுத்த வாட்சு." கொஞ்சம் தயங்கினார். "இது என்னிக்கு, எத்தனை மணிக்கு நின்னுதுன்னு கண்டுபுடிக்க முடியுமா மேடம்?"

"அதெல்லாம் முடியாதுங்க. நாளைக்கு போன் பண்ணிச் சொல்றேன்." அவளுக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. அதிகம் பேசத் தெம்பில்லை. கார்டில் நம்பரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை மூடியைத் திறந்தாள். உள்ளே சக்கரமெல்லாம் துரு. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. ரப்பர் வளையம் தோசைக்கல்லில் அழுத்திய அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. மூடியின் உள்பக்கத்தைத் திருப்பினாள். மெக்கானிக்குகள் வேலை முடித்ததும் மூடியின் உள்ளே கறுப்புப் பேனாவால் தன் எழுத்தையும் தேதியையும் பொடியாகக் குறிப்பது வழக்கம். மறுபடி திறக்கிறவனுக்கு, முன்னால் யார் கை பட்டது என்று தெரிய வேண்டும் அல்லவா. அங்கே அவள் கையெழுத்து. தேதி, மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாதா திருநாள் நவநாள் நடந்துகொண்டிருந்தது, சிவாஜி நகர் பக்கம் ஒரே கூட்டம், பஸ் எல்லாம் சுற்றிப் போயிற்று. 'அன்றே டெலிவரி' என்று ராகேஷ் வெளியே ஒரு பேனர் கட்டியிருந்தான். பதினேழு வாட்ச் தட்டில் காத்திருந்தது. இந்த வாட்சின் அளவுக்குப் புது ரப்பர் ஸ்டாக்கில் இல்லை. மெஷினில் ஒன்றை வைத்தால் ஐந்து நிமிஷம். பதினேழுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பழைய ரப்பரையே மாட்டி, கொஞ்சம் கிரீஸ் அப்பி, மூடி, முத்திரையைக் குத்தினாள். இதற்கு மட்டுமில்லை, பதினேழுக்கும் வரிசையாகக் குத்தினாள். முதல் தடவையும் இல்லை. செய்து செய்து பழகிவிட்டால் தப்புக்குக்கூட ஒரு கை லாகவம் வந்துவிடுகிறது.

"என்ன மேடம், ரிட்டர்ன் ஜாபா?" என்று ராகேஷ் பின்னால் வந்து நின்றான். முப்பது வயசுப் பையன், நல்ல பையன்தான், மேலே இருந்து வருகிற மெயிலைப் பார்த்துப் பார்த்துத் தலை நரைத்துக்கொண்டிருந்தான். மூடியின் உள்ளே எழுதியிருந்ததைப் படித்தான். "மேடம், உங்களுக்கு இந்த சீசன்ல ஏற்கெனவே ரெண்டு ரிட்டர்ன் ஆயிடுச்சு. மூணாச்சுன்னா மார்ச்ல காண்ட்ராக்ட் ரின்யூ ஆகாது. எனக்கும் மெமோ வரும்."

"தெரியும் மேன்."

"கிரவுன் ஓபன்னு போட்டுடுங்க. எல்லா சென்டர்லயும் அதான் போடறாங்க."

கிரவுன் என்பது வாட்சின் பக்கவாட்டில் இருக்கிற திருகு. டைம் வைக்க இழுப்பார்களே, அது. அது இழுத்தபடி இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் போகும், அப்படிப் போனால் அது வாட்ச் வைத்திருந்தவர் பிழை. கம்பெனிக்கும் பொறுப்பில்லை, மெக்கானிக்குக்கும் பொறுப்பில்லை. வசதியான ஓட்டை. பெர்னதெத் ரிப்போர்ட் தாளை எடுத்தாள். 'கிரவுன் திறந்திருந்தது. வாடிக்கையாளர் அலட்சியம்.' இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை.

குளோரியா இருந்தால் கஸ்டமருக்கு அவள்தான் போன் பண்ணுவாள். கம்பெனி பேர், தன் பேர், நமஸ்காரம், உங்கள் பொன்னான நேரம் என்று ஒரு பாட்டே பாடிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். பெர்னதெத்துக்கு அந்தப் பாட்டெல்லாம் வராது. சட்டென்று சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. கிரவுன் என்றால் அந்த மனுஷருக்குப் புரியாது என்று, வாட்சுக்குச் சாவி கொடுக்கிறது என்று எல்லாரும் சொல்கிற வார்த்தையையே எடுத்துக்கொண்டாள்.

"கோவிந்தப்பாங்களா? ஆபீஸ்லருந்து பேசறேன்."

"சொல்லுங்க மேடம்." பின்னால் ஏதோ தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.

"செக் பண்ணிப் பாத்தாச்சு. சாவி தொறந்திருந்திருக்கு. அதனாலதான் தண்ணி உள்ள போயிருக்கு."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம்தான் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது மேடம்."

"மெஷின் பூரா போச்சு. இனிமே ஓடாது. உங்க அலட்சியம்னுதான் ரிப்போர்ட் எழுதணும். வேற வழி இல்ல."

"யாராச்சும் பாத்தாங்களா மேடம்?"

இதென்ன கேள்வி என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. "யாரு பாக்கணும்? நான்தான் பாத்தேன். உள்ள இருக்கற ஈரமே சொல்லுதே."

கோவிந்தப்பா மூச்சை இழுத்துவிட்டது போனில் கேட்டது. "எழுதிக்கோங்க மேடம். தப்பு என்னுதுதான். தொறந்தவனும் நான்தான், மூடாம வுட்டவனும் நான்தான். யார் மேலயும் பழி வேணாம்."

பெர்னதெத் போனை வைத்தாள். சண்டை போடுவார், கத்துவார், கன்ஸ்யூமர் கோர்ட் என்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். இவரானால் நான்தான் என்கிறார். அப்படியானால் நிஜமாகவே திருகை இழுத்துவிட்டிருக்கிறார்! நம் தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீர் போனது அந்த வழியாகத்தான் போல. அவளுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் டப்பாவில் இருந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மனுஷ மனசு எவ்வளவு சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறது பாருங்கள், யாராவது பழியைத் தூக்கிக்கொள்ள முன்வந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவிந்தப்பா வந்தார். கையில் கம்பி இல்லை. சவரம் செய்யாத முகம். காத்திருக்கிற நாற்காலியில் உட்காராமல் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாட்சைக் குடுத்துடுங்க மேடம். அசோசியேஷன்ல திருப்பித் தரணும். கூடவே ஒரு ரிப்போர்ட்டு வாங்கியாரச் சொன்னாங்க."

"எதுக்குங்க திருப்பித் தரணும்?"

"வேலய வுட்டு எடுத்துட்டாங்க மேடம். நாளைக்கு கமிட்டி மீட்டிங்ல சொல்லிடுவாங்க." அதை அவர் பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னார். "திங்கக்கிழமை ஒரு அபார்ட்மெண்டுக்கு வால்வு மூட லேட்டாயிடுச்சு. ஒரு மணி நேரம். சம்ப்பு ரொம்பி, கீழ கார் நிறுத்தற எடத்துல முட்டிக்கால் தண்ணி. லிஃப்ட் மெஷின் பூரா போச்சு."

"அய்யோ மாதாவே."

"யாருக்கும் தெரியல மேடம். சம்ப்புல தண்ணிய நிறுத்தற பந்து கெட்டுடுச்சுன்னுதான் செக்ரட்டரி சார் பிளம்பரைத் திட்டிக்கினு இருந்தாரு. நானும் வாயை மூடிக்கினு இருந்தேன். புதங்கெழமை எங்க அசோசியேஷன் ஆபீஸ்லருந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க. சாவி தொறந்து கெடந்துச்சு, தண்ணி உள்ள போச்சு, மெஷின் போச்சு, நாங்க பாத்துட்டோம், உன் அலட்சியம்தான்னு ரிப்போர்ட்டு எழுதறோம்னாங்க. இனிமே மறைச்சு இன்னா பண்றது? நேரா போயி செக்ரட்டரி சேஷகிரி சார் கால்ல வுழுந்துட்டேன்."

பெர்னதெத் கவுண்ட்டருக்கு மேலே குனிந்தாள். "சாவியா? எந்தச் சாவி?"

"அதான் மேடம், அன்னிக்கு எடுத்தாந்தேனே, வால்வு தொறக்கற கம்பி. அதுக்குப் பேரே சாவிதானே. லைன்மேனுங்க எல்லாரும் அப்டித்தான் சொல்லுவோம்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். அவனாவது பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டான். இந்த மனுஷர், வாட்ச் திருகைப் பற்றி யாரோ சொன்ன பொய்யைக் கேட்டுவிட்டு, யாரும் கேட்காத உண்மையைக் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறார். போன் பண்ணியது தான்தான் என்று சொல்ல பெர்னதெத் வாயைத் திறந்தாள்.

"ஏன் லேட்டாச்சு?" என்றுதான் கேட்க முடிந்தது.

"வாட்சு மேடம். மூணு மணிக்கு மூடணும். பாத்தேன், ரெண்டு நாப்பது காட்டுச்சு. சரி, ஒரு டீ குடிக்கலாம்னு போனேன். வந்து பாத்தேன், அப்பவும் ரெண்டு நாப்பது. நமக்குத்தான் நேரம் போவலயோன்னு நெனச்சேன். மூளை இல்ல பாருங்க. டீக்கடை ரேடியோல நாலுமணி நியூஸ் வர்றப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு." அவர் கவுண்ட்டரைத் தடவிக்கொண்டே பேசினார். "சார்கிட்ட இதையும் சொன்னேன். அவர் கேக்கறாரு, மூணு வாரம் முன்னாடி சர்வீஸ் பண்ணி, தண்ணி போவாதுன்னு சீல் குத்துன வாட்சு எப்டிய்யா நிக்கும், கதை வுடாதேன்னு. வாட்சுல கோளாறுன்னா அந்தக் கம்பெனில எழுதி வாங்கியா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள, அப்பறம் யோசிக்கலாம்னாரு. இருவது வருசமா தண்ணி வுடறேன் மேடம், ஒரு நாள் நேரம் தப்புனதில்ல. நீங்க எழுதிக் குடுத்தா வேலை இருக்குது. இல்லன்னா இல்ல."

ரிப்போர்ட் தாள் கவுண்ட்டரிலேயே ஜிப் பைக்குள் வாட்சோடு தயாராக இருந்தது. அவர் அதை எடுத்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். "இதுல இன்னா எழுதிருக்குது மேடம்?"

பெர்னதெத் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "இது இல்ல. இது தப்பா எழுதினது. உக்காருங்க." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உக்காருங்கன்னா உக்காருங்க. காலு வலிக்கல உங்களுக்கு?"

உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன, அவள் மடியில். யாரோ ஒருத்தர் வாட்ச் ரிப்பேராகும், புதுசு வாங்குவார், அவ்வளவுதானே என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறாள். வாட்சைப் பார்த்து ஒருவன் வால்வு மூடுவான் என்று யார் கண்டார்கள்!

வாட்சின் உள்ளுறுப்பை எடுத்துவிட்டு வெறும் கூட்டில் அந்தப் பழைய ரப்பரையே திரும்ப மாட்டினாள். திருகை நன்றாக உள்ளே அழுத்தினாள். மூடினாள். சோதனைக் குழாயில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டு, கைப்பிடியை அடித்து அழுத்தம் ஏற்றினாள். ராகேஷ் வந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிஷம் காத்தாள். அப்புறம் வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்தாள். திருகுப் பக்கம் ஒரு பொட்டுக் குமிழிகூட வரவில்லை. பின்மூடியின் ஓரத்தில் கோர்த்த மணி மாதிரி வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

"பேட மேடம், வேண்டாம்," என்றான் ராகேஷ் தாழ்ந்த குரலில். "அவருக்கு வேற ஏதாவது ஹெல்ப் பண்ணலாம். நான் வேணும்னா அந்த செக்ரட்டரிகிட்ட பேசறேன். எழுத்துல வேண்டாம்."

"என்ன மேன் பேசுவே? வாட்சும் சரி, அந்தாளும் சரின்னு பேசுவியா?"

அவள் எழுதினாள். 'சென்ற முறை நீர்ச் சோதனை செய்யப்படவில்லை. பழைய ரப்பரே மறுபடி போடப்பட்டது. பின்மூடி வழியே தண்ணீர் புகுந்து வாட்ச் நின்றது. வாடிக்கையாளர் மேல் பிழையில்லை.' கீழே பேர், கையெழுத்து. எழுதும்போது பயமாகத்தான் இருந்தது. டெஸ்மண்டிடம் என்ன சொல்வது, பிரிஜெட்டுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறதே என்றெல்லாம் மனசு ஓடியது. ஆனால் பயத்தைவிடச் சலிப்பு பெரிதாக இருந்தது. இன்னொரு பொய்யை யோசித்து எழுதவும் ஒரு தெம்பு வேண்டுமே.

வெளியே வந்து கோவிந்தப்பாவிடம் கொடுத்தாள். தமிழில் படித்தும் காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கையெழுத்து உங்களுதா மேடம்?" என்றார்.

"என்னுதுதான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அதை நான் பாத்துக்கறேன். சாயங்காலத்துக்குள்ளன்னீங்களே, கெளம்புங்க."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. கோயிலில் சாமியைப் பார்க்கிற பார்வை அது.

ஐந்தே கால் மணிக்கு கவுண்ட்டர் போன் அடித்தது. கடையில் நாலு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் புத்தகப் பையோடு ஒரு காலேஜ் பெண், வயதான தம்பதி ஒன்று, ஹெல்மெட்டைக் கழற்றாத ஓர் ஆள். தட்டில் அவர்கள் வாட்சுகள்.

"சேஷகிரி பேசறேன்மா, அசோசியேஷன் செக்ரட்டரி." பொறுமையான, படித்த குரல். தமிழில் கன்னட இழுப்பு. "கோவிந்தப்பா ஒரு லெட்டர் கொண்டுவந்திருக்கார். பெர்னதெத்னு கையெழுத்து. நீங்கதானா?"

"நான்தான் சார்."

"யாராவது எழுதச் சொல்லிக் கேட்டாங்களா? அவர் அழுதாரா?"

"இல்ல சார். அதுல இருக்கறது உண்மை."

"இல்லம்மா. நான் முப்பது வருஷம் ஆடிட்ல இருந்தவன். தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்து போட்ட ஆளை இதுவரைக்கும் பாத்ததில்லை. தமிழ் ஆளு, வயசான மனுஷன், வேலை போறதேன்னு இரக்கப்பட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்க மனசு பெரிய மனசு. ஆனா இதை நான் கமிட்டியில வைக்க முடியாது. நாளைக்கு உங்க கம்பெனி இல்லைன்னு சொன்னா என் மானம் போயிடும்."

"சார், நான் சொல்றதைக் கேளுங்க…"

அந்தப் பக்கம் கோவிந்தப்பாவின் குரல் கேட்டது. கிட்டத்தில்தான் நிற்கிறார் போல. "வுட்ருங்க சார். அந்தம்மா பாவம். எனக்காவப் பொய் எழுதிருக்காங்க. எனக்கே தெரியும் சார், அவ்ளோ பெரிய கம்பெனில டெஸ்ட் பண்ணாமயா குடுப்பாங்க? அவங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கும். அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க, நான் போறேன்."

பெர்னதெத்துக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. பாவமாம்! இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் உண்மையை எழுதினாள், அதையும் தர்மக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். முழங்காலை மறந்து எழுந்து நின்றாள்.

"பாவமும் இல்ல புண்ணியமும் இல்ல சார்!" அவள் கத்திய கத்தலில் ராகேஷ் உள்ளே இருந்து ஓடிவந்தான். "நான் டெஸ்ட் பண்ணல! அன்னைக்கு பதினேழு வாட்சு வந்தது, ஒண்ணைக்கூட மெஷின்ல வெக்கல! பழைய ரப்பரையே மாட்டினேன், கிரீஸைத் தடவினேன், சும்மா சீலைக் குத்தினேன்! புதங்கெழமை போன்ல சாவி தொறந்திருந்துச்சுன்னு சொன்னதும் நான்தான். அது அவரோட இரும்புச் சாவி இல்ல சார், வாட்சோட சாவி. அதுவும் பொய்! அது மூடித்தான் இருந்தது! அந்தாளுகிட்ட சொல்லுங்க, நான் ஒண்ணும் நல்லவ இல்லன்னு!"

காலேஜ் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வயதான அம்மாள் தன் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, அவர் கட்டியிருந்த வாட்சின் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். ஹெல்மெட் ஆள் எழுந்து வந்து, தட்டில் இருந்த தன் வாட்சை எடுத்து பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

போனில் சேஷகிரி இருமினார். "மேனேஜர் இருக்காராம்மா?"

பெர்னதெத் போனை ராகேஷிடம் நீட்டினாள். அவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான், கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இனிமேல் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். "ஹவுது சார், ஆமா," என்றான். கொஞ்ச நேரம் கேட்டான். "ஹவுது. அவங்க எழுதினது கரெக்ட். எங்க மிஸ்டேக்தான். நானே டெஸ்ட் பாத்தேன். ஆமா, கமிட்டிக்கு மெயில்ல அனுப்பறேன்." போனை வைத்தான். "கோவிந்தப்பாகிட்ட எழுதி வாங்கின மன்னிப்பு லெட்டரை செக்ரட்டரி கிழிச்சுட்டாராம். திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாராம்."

பெர்னதெத் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் போல இருந்தது. அதற்குக்கூடக் களைப்பாக இருந்தது.

மீதிப் பேரும் வாட்சை வாங்கிக்கொண்டு போன பிறகு ராகேஷ் உள்ளே போய் ஒரு மஞ்சள் ஃபாரத்தை எடுத்து வந்தான். மூன்றாவது ரிட்டர்ன் ஜாபுக்கு நிரப்புகிற ஃபாரம். அதைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு நின்றான்.

"கடையில ஏன் மேடம் அப்படிக் கத்தினீங்க? மெல்லச் சொல்லியிருக்கலாமே."

"மெல்லச் சொன்னேனே மேன், யாரு நம்பினாங்க?" அவள் பேனாவைத் தேடினாள். "ஒரு பொம்பளை போன்ல ரெண்டு வார்த்தை மிரட்டினா, அந்தாளு ஓடிப்போய் செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டாரு. என்னை யாரு மேன் மிரட்டினா? இருபத்திரண்டு வருஷமா ஒருத்தர்கூட போன் பண்ணலயே."

அவள் ஃபாரத்தை இழுத்து, எங்கே கையெழுத்து என்று கேட்காமல், சரியான இடத்தில் போட்டு ராகேஷ் பக்கம் தள்ளினாள். அவன் அதைத் திருப்பி அவள் பக்கமே தள்ளினான்.

"தேதி போடலையே மேடம்," என்றான்.

போட்டாள்.